30 புரோகிராமர்களை அவசரமாக எடுக்க வேண்டும், எங்கே தொடங்குவது?

கேள்வி: ஒரு மென்பொருள் நிறுவனத்தில் தொழில்நுட்பப் பொறுப்பில் இருக்கிறேன். இப்போது எங்களிடம் 25 புரோகிராமர்கள். வாடிக்கையாளர்கள் வேகமாகக் கூடுகிறார்கள், முதலீடும் வந்துவிட்டது. 10 மாதத்தில் இன்னும் 30 பேரை எடுக்கச் சொல்கிறார் நிறுவனர். கடந்த மூன்று மாதத்தில் 60 பேரை நேர்காணல் செய்து 12 பேருக்கு ஆஃபர் கொடுத்தோம். சேர்ந்தவர்கள் 5 பேர். அதிலும் இருவரால் வேலையை நகர்த்த முடியவில்லை. ஐந்து சுற்று வைக்கிறோம். முதல் பேச்சிலிருந்து ஆஃபர் வரை ஆறு வாரம் ஆகிறது. பெரிய நிறுவனங்கள் கேட்கும் அல்காரிதம் (சிக்கலைப் படிப்படியாகத் தீர்க்கும் முறை) கேள்விகளைத்தான் நாங்களும் கேட்கிறோம். எங்கள் ஆறு சீனியர்களும் நேர்காணல் எடுத்தே களைத்துப்போனார்கள். நிறைய விண்ணப்பம் வரட்டும் என்று ஏஜென்சிகளைச் சேர்க்கலாமா? தரத்தைக் கொஞ்சம் தளர்த்தலாமா? “சட்டென்று எடுப்போம், சரிவராவிட்டால் சட்டென்று அனுப்புவோம்” என்கிறார் நிறுவனர். அந்த இருவரை என்ன செய்வது?

பதில்: ஏஜென்சி இப்போதைக்கு வேண்டாம். தரத்தைத் தளர்த்தவும் வேண்டாம். உங்கள் கடிதத்திலேயே தேவையான எண்கள் இருக்கின்றன. அவற்றை வரிசையாக வைத்துப் பார்த்தால் எங்கே கசிகிறது என்று தெரிந்துவிடும்.

60 பேரும் ஐந்து சுற்றையும் தாண்டியிருக்க மாட்டார்கள். பாதியில் நின்றவர்களையும் சேர்த்து ஆளுக்குச் சராசரி மூன்று சுற்று என்று வைத்துக்கொள்வோம். ஒரு சுற்றுக்கு ஒரு மணி நேரப் பேச்சு, முன்னால் ரெஸ்யூமே படிப்பதற்கும் பின்னால் குறிப்பு எழுதுவதற்கும் அரை மணி. மொத்தம் 270 மணி நேரம். சேர்ந்தவர்கள் 5 பேர் என்றால் ஒருவருக்கு 54 மணி நேரம் செலவாகியிருக்கிறது. இதே கணக்கில் 30 பேரை எடுக்க 1,620 மணி நேரம் வேண்டும். ஆறு சீனியர்களுக்குப் பங்கிட்டால் தலைக்கு 270 மணி. வாரம் 40 மணி நேர வேலை என்றால், உங்கள் ஆகச் சிறந்த ஆறு பேரும் ஏறக்குறைய ஏழு வாரம் ஒரு வரி கோடு (நிரல்) எழுதாமல் நேர்காணல் அறையில் உட்கார்ந்திருக்க வேண்டும். அவர்கள் களைத்துப்போனதில் ஆச்சரியம் இல்லை.

இப்போது இன்னொரு எண்ணைப் பாருங்கள். ஆஃபர் வாங்கிய 12 பேரில் 7 பேர் வரவில்லை. அதாவது, நீங்களே தேடி, சோதித்து, ‘இவர் வேண்டும்’ என்று முடிவு செய்தவர்களில் பாதிக்கு மேல் கைநழுவிப் போயிருக்கிறார்கள். 5 பேருக்குப் பதில் 9 பேர் சேர்ந்திருந்தால் ஒருவருக்கான செலவு 54 மணியிலிருந்து 30 மணியாக இறங்கியிருக்கும். ஒரு விண்ணப்பம்கூடக் கூடுதலாக வராமலே. இந்த நிலையில் ஏஜென்சியைச் சேர்ப்பது ஓட்டைக் குடத்தில் இன்னும் வேகமாகத் தண்ணீர் ஊற்றுவது போலத்தான். சீனியர்களின் நேரம் இன்னும் போகும், கமிஷனும் போகும்.

அந்த ஏழு பேரும் ஏன் மறுத்தார்கள் என்று நீங்கள் எழுதவில்லை. கேட்டிருக்கவும் மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். பெரும்பாலான நிறுவனங்கள் கேட்பதில்லை. ஆனால் ஆறு வாரம் என்பதைப் படித்ததுமே பாதி பதில் கிடைத்துவிட்டது. நல்ல புரோகிராமர் வேலை மாற முடிவெடுத்தால் ஒரே சமயத்தில் நான்கைந்து இடங்களில் பேசுவார். அவற்றில் ஒன்றாவது இரண்டு வாரத்தில் முடிவைச் சொல்லிவிடும். நீங்கள் நான்காவது சுற்றுக்குத் தேதி கேட்டு மின்னஞ்சல் அனுப்பும்போது அவர் வேறு இடத்தில் கையெழுத்துப் போடும் நிலையில் இருப்பார். கடைசிவரை உங்களுக்காகக் காத்திருப்பவர்களில் சிலர் உண்மையிலேயே உங்கள் நிறுவனத்தை விரும்புகிறவர்கள். மற்றவர்கள், வேறெங்கும் கிடைக்காததால் நிற்கிறவர்கள். தாமதம் ஆட்களின் எண்ணிக்கையை மட்டும் குறைக்கவில்லை, மிஞ்சுகிறவர்களின் தரத்தையும் இறக்கிவிடுகிறது. ‘தரத்தைத் தளர்த்தலாமா’ என்று கேட்டீர்களே, ஆறு வார நடைமுறை அந்தத் தளர்த்தலை உங்களுக்குத் தெரியாமலேயே செய்துகொண்டிருக்கிறது.

ஐந்து சுற்று என்றால் உட்கார்ந்து பேசுவது ஐந்து மணி நேரம். மீதி எல்லாம் காத்திருப்பு: காலண்டரில் இடம் தேடுவது, ஒருவர் விடுப்பில் போவது, குறிப்பு எழுத மறப்பது, ‘இன்னொருவரையும் பார்த்துவிட்டு முடிவு செய்வோம்’ என்று இழுப்பது. இதைக் குறைக்கப் பெரிய வித்தை எதுவும் வேண்டாம். வாரத்தில் இரண்டு பிற்பகல்களை நேர்காணலுக்கென்றே முன்கூட்டி ஒதுக்கிவிடுங்கள்; யார் வருகிறார் என்று தெரிவதற்கு முன்பே அந்த நேரம் பூட்டப்பட்டிருக்கட்டும். முதல் தொலைபேசிப் பேச்சு முடிந்ததும், மற்ற எல்லாச் சுற்றும் ஒரே நாளிலோ அடுத்தடுத்த இரண்டு நாளிலோ முடிய வேண்டும். மறுநாள் முடிவு. முதல் பேச்சிலிருந்து ஆஃபர் வரை பத்து வேலை நாளுக்கு மேல் போனால் அது உங்கள் தவறு என்று எடுத்துக்கொள்ளுங்கள், வந்தவரின் தவறு இல்லை.

சம்பள வரம்பை முதல் பேச்சிலேயே சொல்லிவிடுங்கள். இதற்கு ஏன் இவ்வளவு தயக்கம் என்று எனக்கு இன்றுவரை புரிந்ததில்லை. கடைசியில் சொல்லி, அவர் ‘ஒத்துவராது’ என்று எழுந்து போனால் அதற்குள் ஏழெட்டு மணி நேரம் போயிருக்கும். முதலில் சொன்னால் அரை மணியோடு முடிந்துவிடும். ஆஃபரையும் ஹெச்.ஆர். மின்னஞ்சலாக மட்டும் அனுப்பாதீர்கள். நீங்களே கூப்பிட்டு, அவர் எந்த டீமில், முதல் ஆறு மாதத்தில் எதைச் செய்யப்போகிறார், நேர்காணலில் அவரிடம் எது பிடித்தது என்று சொல்லுங்கள். நோட்டீஸ் காலம் நீளமாக இருந்தால், நடுவில் டீமில் யாராவது ஒருவர் அவரோடு இரண்டு முறையாவது பேசட்டும். ஆஃபருக்கும் சேரும் நாளுக்கும் இடையிலான மௌனத்தில் போட்டி நிறுவனங்கள் நிறையப் பேசிவிடும்.

அடுத்தது, நீங்கள் என்ன கேட்கிறீர்கள் என்பது. ‘பெரிய நிறுவனங்கள் கேட்கும் அல்காரிதம் கேள்விகள்’ என்கிறீர்கள். அந்தப் பெரிய நிறுவனங்களே தங்கள் பழக்கங்களைப் பற்றி என்ன சொன்னார்கள் என்று பார்ப்போம். விமானத்துக்குள் எத்தனை கோல்ஃப் பந்து அடங்கும் என்பது மாதிரிப் புதிர்களுக்கு கூகிள் ஒரு காலத்தில் பேர்போனது. அங்கே ஆள்வளப் பிரிவுக்குத் தலைமை வகித்த லாஸ்லோ பாக், 2013ல் நியூயார்க் டைம்ஸ் பேட்டியில் அவை முழு நேர விரயம் என்று வெளிப்படையாகவே சொன்னார். கேட்பவருக்குத் தான் பெரிய புத்திசாலி என்ற நினைப்பைத் தருவதைத் தவிர அவற்றால் பயனில்லை என்பது அவர் கருத்து. இன்னொன்றையும் கூகிள் தன் தரவிலிருந்தே கண்டுபிடித்தது: நான்கு நேர்காணல் முடிந்தால் 86 சதவீத நம்பிக்கையோடு முடிவெடுத்துவிடலாம், அதற்கு மேல் வைக்கும் ஒவ்வொன்றும் சேர்ப்பது மிகச் சொற்பம். உங்கள் ஐந்தாவது சுற்றை இன்றே எடுத்துவிடலாம்.

அல்காரிதம் கேள்வி புதிர் அளவுக்கு மோசம் இல்லை. அது புரோகிராமிங்தான். ஆனால் அதை வெள்ளைப் பலகையில், எதிரே ஒருவர் கைகட்டி நிற்க, பேசிக்கொண்டே எழுதச் சொல்லும்போது வேறொன்றைச் சோதிக்க ஆரம்பித்துவிடுகிறோம். வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகமும் மைக்ரோசாஃப்டும் சேர்ந்து 2020ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. 48 கணினி அறிவியல் மாணவர்களைப் பிரித்து, ஒரு பிரிவினரைப் பார்வையாளர் முன்னால் பேசிக்கொண்டே தீர்க்க வைத்தார்கள். மற்றவர்களைத் தனி அறையில் அதே மாதிரிச் சிக்கலோடு விட்டார்கள். பார்வையாளர் முன்னால் செய்தவர்களின் செயல்திறன் பாதிக்கும் கீழே போனது. சிறிய ஆய்வுதான், அதை வேதமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனாலும், தனியாக உட்கார்ந்து யோசிக்கும் வேலைக்கு ஆள் எடுக்க, மேடைக் கூச்சம் இல்லாதவர்களைத் தேர்ந்தெடுக்கிறோமோ என்று சந்தேகப்பட அது போதும்.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். பெரிய நிறுவனங்கள் நல்லவர்களையும் நிறைய நிராகரிக்கின்றன. புரோகிராமர் பிரையன் ஆக்டனை 2009ல் ட்விட்டரும் ஃபேஸ்புக்கும் வேண்டாம் என்றன. அதே ஆண்டு அவர் ஜான் கூமோடு சேர்ந்து வாட்ஸ்அப்பைத் தொடங்கினார். 2014ல் ஃபேஸ்புக்கே அதை ஏறக்குறைய 1,900 கோடி டாலருக்கு வாங்குவதாக அறிவித்தது. மேக் கணினிகளில் மென்பொருள் நிறுவப் பலரும் பயன்படுத்தும் ஹோம்ப்ரூவை உருவாக்கிய மேக்ஸ் ஹோவெல், பலகையில் பைனரி ட்ரீயை (தரவைக் கிளை கிளையாக அடுக்கும் அமைப்பு) திருப்பிப் போட முடியாததால் கூகிள் தன்னை எடுக்கவில்லை என்று 2015ல் ட்விட்டரில் குமுறினார். இப்படி விட்டுவிட்டாலும் அந்த நிறுவனங்கள் ஒன்றும் குடிமுழுகிப் போகவில்லை. ஏனென்றால் அவர்கள் வாசலில் லட்சக்கணக்கில் விண்ணப்பங்கள் குவிகின்றன. ஒரு நல்லவரைத் தவறவிட்டால் பின்னாலேயே இன்னொருவர் நிற்கிறார். தவறான ஒருவரை உள்ளே விடாமல் இருந்தால் போதும் என்று அவர்களால் இருக்க முடியும். உங்களுக்கு மூன்று மாதத்தில் வந்தவர்களே 60 பேர். அவர்களின் சல்லடையை வாங்கி உங்கள் 60 பேரைச் சலித்தால், நீங்கள் இழந்த நல்லவர்கள் யார் என்பது உங்களுக்குத் தெரியவே போவதில்லை. நிராகரித்தவரின் பிற்காலம் எந்த நிறுவனத்தின் அறிக்கையிலும் வராது.

சரி, வேறென்ன கேட்பது? வேலை எதுவோ அதைச் செய்யச் சொல்லிப் பார்ப்பதுதான் நான் கண்டவரையில் ஆகச் சிறந்த வழி. உங்கள் புரோகிராமர்கள் தினமும் என்ன செய்கிறார்கள்? பைனரி ட்ரீயைத் திருப்புவதில்லை. பிறர் எழுதிய கோடைப் படிக்கிறார்கள், எங்கே உடைகிறது என்று தேடுகிறார்கள், தெளிவில்லாத தேவையைக் கேட்டுத் தெளிவாக்குகிறார்கள், சிறு மாற்றம் செய்து டெஸ்ட் எழுதுகிறார்கள், மற்றவரின் மாற்றத்தை ரிவ்யூ செய்கிறார்கள். நேர்காணலும் இந்த நான்கைந்தில்தான் நிற்க வேண்டும்.

உங்கள் பக் (மென்பொருள் பிழை) பட்டியலைத் திறந்து, கடந்த ஆறு மாதத்தில் உண்மையில் வந்த, சுவாரசியமான ஒன்றை எடுங்கள். சீனியர் ஒருவருக்கு அரை மணியில் பிடிபட்டது மாதிரி ஒன்று. அதைச் சுற்றியுள்ள கோடைப் பத்துப் பன்னிரண்டு ஃபைல்களாகச் சுருக்கி, வாடிக்கையாளர் விவரங்களை நீக்கி, தனியாக ஓடக்கூடிய ஒரு சிறு புராஜெக்டாக ஆக்குங்கள். இதைத் தயாரிக்க ஒரு சீனியருக்கு இரண்டு மூன்று நாள் பிடிக்கும். அடுத்த 10 மாதமும் அது உழைக்கும். வருபவர் தன் லேப்டாப்பில், தனக்குப் பழகிய எடிட்டரில், இணையத்தில் தேடிக்கொண்டே வேலை செய்யலாம். நேரம் 90 நிமிடம். முதல் ஒரு மணி நேரம் தனியாக விடுங்கள். பிறகு உள்ளே போய், ‘என்ன பார்த்தீர்கள், எதைச் சந்தேகப்பட்டீர்கள்’ என்று கேளுங்கள்.

இதில் பக் சரிசெய்யப்பட்டதா என்பது பாதிதான் முக்கியம். எனக்கு மற்றவைதான் அதிகம் சொல்லும். முதலில் பிழையை மறுபடி வரவழைத்துப் பார்த்தாரா, அல்லது கண்ணில் பட்ட வரியை மாற்ற ஆரம்பித்தாரா? பிழைச் செய்தியை முழுதாகப் படித்தாரா? தன் ஊகம் பொய்த்தபோது அதை விட்டுவிட்டாரா, பிடிவாதமாக அதையே தோண்டினாரா? தெரியாததை ‘தெரியவில்லை’ என்று எளிதாகச் சொல்கிறாரா? பக்கைச் சரிசெய்ய முடியாமல் போன சிலர், எங்கே தேடினார்கள், எதையெல்லாம் நீக்கினார்கள் என்று விளக்கிய விதத்திலேயே வேலை வாங்கியிருக்கிறார்கள். அப்படி எடுக்கச் சொன்னதற்காக நான் இதுவரை வருந்தியதில்லை.

இரண்டாவது சுற்றுக்கு ஒரு புல் ரிக்வெஸ்ட்டை, அதாவது கோடில் செய்த மாற்றத்தைச் சேர்த்துக்கொள்ளச் சொல்லும் கோரிக்கையை, கொடுங்கள். அதில் வெளிப்படையான தவறு ஒன்று, நுட்பமான தவறு ஒன்று, தவறே இல்லாத ஆனால் பார்க்க அழகில்லாத பகுதி ஒன்று இருக்கட்டும். அதை எழுதியவர் ஒரு ஜூனியர் என்று சொல்லி, ரிவ்யூ கருத்துகளை எழுதச் சொல்லுங்கள். அவர் கண் எங்கே போகிறது என்பதும், தனக்குக் கீழே இருப்பவரிடம் எந்தத் தொனியில் பேசுவார் என்பதும் ஒரே மணி நேரத்தில் தெரிந்துவிடும். பெயர்களையும் இடைவெளிகளையும் பற்றிப் பன்னிரண்டு கருத்து எழுதிவிட்டு, பணக் கணக்கில் இருந்த தவறைக் கோட்டைவிடுகிறவர்கள் நிறையப் பேர்.

மூன்றாவது, அவர் முன்பு கட்டிய ஒன்றைப் பற்றிய ஆழமான பேச்சு. ‘நாங்கள்’ என்று பேசுகிற இடத்திலெல்லாம் ‘அதில் உங்கள் பங்கு என்ன’ என்று கேளுங்கள். இன்று மறுபடி கட்டினால் எதை மாற்றுவீர்கள் என்று கேளுங்கள். உண்மையில் கட்டியவருக்கு இதற்குப் பதில் ஊற்றெடுக்கும். பக்கத்தில் நின்று பார்த்தவர் பொதுவாகப் பேசிச் சமாளிப்பார். நான்காவது, மற்றவர்களோடு வேலை செய்தது பற்றி, எல்லோரிடமும் ஒரே வரிசையில் கேட்கப்படும் நான்கைந்து கேள்விகள். அவ்வளவு போதும்.

எல்லோரிடமும் ஒரே கேள்வி, ஒரே அளவுகோல் என்பதை அலுப்பான நிர்வாக வேலை என்று தள்ளிவிடாதீர்கள். ஆளெடுப்பு ஆராய்ச்சியில் திரும்பத் திரும்பத் தெரியவரும் விஷயம் இதுதான். உளவியலாளர்கள் ஷ்மிட், ஹண்டர் இருவரும் 85 ஆண்டு ஆய்வுகளைத் தொகுத்து 1998ல் வெளியிட்ட கட்டுரையில், வேலையின் மாதிரியைச் செய்யச் சொல்லும் தேர்வு முன்வரிசையில் இருந்தது. சாக்கெட் என்ற ஆய்வாளரும் சகாக்களும் 2022ல் அந்தக் கணக்குகளைத் திருத்திச் செய்தபோது பல எண்கள் இறங்கின; ஒழுங்குபடுத்தப்பட்ட நேர்காணல், அதாவது எல்லோரிடமும் ஒரே கேள்வி கேட்டு ஒரே அளவுகோலில் மதிப்பிடுவது, முதலிடத்துக்கு வந்தது. இரண்டிலுமே கீழ்வரிசையில் கிடந்தவற்றில் ஒன்று எது தெரியுமா? எத்தனை வருட அனுபவம் என்பது. வேலை விளம்பரத்தில் நாம் முதல் வரியில் போடுவது அதைத்தான்.

இதற்கெல்லாம் முன்னால் ஒரு சிறு வடிகட்டி வேண்டும், இல்லாவிட்டால் 90 நிமிடத் தேர்வு சீனியர்களைத் தின்றுவிடும். ஃபிஸ்பஸ் என்ற கேள்வியைக் கேள்விப்பட்டிருப்பீர்கள்: 1 முதல் 100 வரை அச்சிடு, மூன்றின் மடங்குக்கு ஒரு சொல், ஐந்தின் மடங்குக்கு இன்னொரு சொல், இரண்டுக்கும் பொதுவானால் இரண்டையும் சேர்த்து. 2007ல் இது பிரபலமானபோது, வேலை கேட்டு வருகிறவர்களில் பலர் இதிலேயே தடுக்கி விழுகிறார்கள் என்று பெரிய விவாதம் நடந்தது. இதே அளவு எளிய, ஆனால் மனப்பாடம் செய்ய முடியாத ஒன்றை நீங்களே எழுதி, முதல் பேச்சின்போது இருபது நிமிடத்தில் திரையைப் பகிர்ந்து செய்யச் சொல்லுங்கள். இந்தப் பேச்சை சீனியர் எடுக்க வேண்டியதில்லை. இரண்டு வருட அனுபவமுள்ள யாரும் எடுக்கலாம். அவர்களுக்கும் நேர்காணல் பழக வேண்டுமே.

வீட்டுக்குக் கொடுத்து அனுப்பும் அசைன்மென்ட்டை நான் அதிகம் பரிந்துரைப்பதில்லை. ‘இரண்டு மணி நேரம்தான்’ என்பீர்கள்; வார இறுதி முழுக்கச் செய்கிறவர் முந்திவிடுவார், வீட்டில் சிறு குழந்தையோ நோயாளியோ இருப்பவர் பின்தங்குவார். அதுவும் இப்போது ஏ.ஐ. கருவிகள் வந்தபின், வரும் கோடு யாருடையது என்றே சொல்ல முடியாது. நேரடித் தேர்வில் ஏ.ஐ. கருவியை அனுமதிக்கலாமா என்றால், உங்கள் அலுவலகத்தில் அதைப் பயன்படுத்துகிறீர்களா என்று பாருங்கள். பயன்படுத்துகிறீர்கள் என்றால் தேர்விலும் விடுங்கள். முடித்த பிறகு, ‘தேவை இப்படி மாறினால் எந்த வரியைத் தொடுவீர்கள், எது உடையும்’ என்று கேளுங்கள். தான் ஏற்றுக்கொண்ட கோடு தனக்குப் புரிந்ததா என்பது அங்கே தெரிந்துவிடும்.

முடிவெடுக்கும் முறைக்கு வருவோம். நேர்காணல் எடுத்த ஒவ்வொருவரும் மற்றவரோடு பேசுவதற்கு முன் தன் மதிப்பீட்டை எழுதிவிட வேண்டும். பேசிவிட்டு எழுதினால் எல்லோரும் மூத்தவரின் கருத்தையே வேறு வார்த்தையில் எழுதுவார்கள். ‘நம் டீமுக்கு ஒத்துவர மாட்டார்’ என்று யாராவது சொன்னால், அவர் எதைச் சொன்னதால், எதைச் செய்ததால் அப்படித் தோன்றியது என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால் அதை எடையில் சேர்க்காதீர்கள். அப்புறம், அமேசானில் 1999லிருந்து ஒரு வழக்கம் உண்டு. ஆள் தேவைப்படும் டீமைச் சேராத, பயிற்சி பெற்ற ஒருவர் நேர்காணல் குழுவில் உட்காருவார். அவர் வேண்டாம் என்றால் ஆள் எடுக்க முடியாது. ‘பார் ரெய்சர்’ என்பார்கள். வேகமாக வளரும் இடத்துக்கு இது அவசியம் என்பேன். இரண்டு மாதமாக நாற்காலி காலியாக இருக்கும் மேனேஜருக்கு வருபவரெல்லாம் நல்லவராகத்தான் தெரிவார்.

ஆட்களை எங்கே தேடுவது என்பதில் பெரிய ரகசியம் இல்லை. உங்கள் ஊழியர்களின் ரெஃபரல்தான் வேகமான வழி. அதில் ஒரு சிக்கல், எல்லோரும் தங்களைப் போன்றவர்களையே கொண்டுவருவார்கள். ஆகவே ரெஃபரலில் வருபவருக்கும் அதே தேர்வு, அதே சுற்றுகள். நீங்கள் பயன்படுத்தும் ஓப்பன் சோர்ஸ் நூலகங்களுக்கு (யாரும் பார்த்துப் பயன்படுத்தக்கூடிய கோடுத் தொகுப்புகள்) பங்களிக்கிறவர்களைப் பாருங்கள். அவர்களின் கோடும், மற்றவரோடு அவர்கள் வாதிடும் விதமும் பொதுவெளியிலேயே இருக்கிறது. ரெஸ்யூமேக்களை மென்பொருள் வடிகட்டட்டும் என்று விட்டுவிட வேண்டாம். அமேசான் தன் பழைய பத்தாண்டு ரெஸ்யூமேக்களை வைத்துப் பழக்கிய கருவி, பெண்கள் தொடர்பான சொற்கள் இருந்தாலே மதிப்பெண்ணைக் குறைத்தது. அந்தத் திட்டத்தையே கைவிட்டார்கள் என்று ராய்ட்டர்ஸ் 2018ல் எழுதியது. கடந்த காலத்தில் யாரை எடுத்தோமோ அவர்களையே அது திரும்பத் தேடும்.

இப்போது 30 என்ற எண். கணினி அறிவியலாளர் ஃப்ரெட் புரூக்ஸ் 1975ல் சொன்னது உங்கள் நிறுவனர் காதிலும் விழுந்திருக்கும்: தாமதமான புராஜெக்டில் ஆளைச் சேர்த்தால் அது இன்னும் தாமதமாகும். புதியவருக்குக் கற்றுக்கொடுப்பவர் பழையவர்தான், அந்த நேரம் அவர் வேலையிலிருந்துதான் போகும். பேச வேண்டிய ஜோடிகளும் கூடும். 25 பேருக்குள் 300 ஜோடிகள். 55 பேருக்குள் 1,485. சிறு டீம்களாகப் பிரித்தால் இதைக் கட்டுப்படுத்தலாம், ஆனால் பிரிப்பதற்கும் டீமை நடத்தத் தெரிந்தவர்கள் வேண்டும். ஒவ்வொரு டீமிலும் ஒரே சமயத்தில் மூன்று மாதத்துக்குட்பட்ட புதியவர் ஒருவருக்கு மேல் இருக்கக் கூடாது என்பது நான் வைக்கும் விதி. சிலர் இதைக் கஞ்சத்தனம் என்பார்கள். உங்களிடம் இன்று ஐந்து டீம் இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், 10 மாதத்தில் 15 பேரை நிம்மதியாக எடுக்கலாம். முதலில் வருபவர்களில் டீமை நடத்தக்கூடிய இருவர் இருந்து, டீம்கள் ஏழானால் 20ஐத் தொடலாம். 30 பேர் சேர்ந்தாலும் ஒரு வருடம் கழித்து வெளிவரும் வேலை 20 பேர் சேர்ந்ததைவிடக் கூடுதலாக இருக்காது. நிறுவனரிடம் இந்தக் கணக்கை எழுத்தில் வையுங்கள். ஆறு சீனியர்களின் 1,620 மணி நேரத்தையும் சேர்த்தே வையுங்கள். அது அவருக்கு உடனே புரியும்.

‘சட்டென்று எடுத்து சட்டென்று அனுப்புவது’ கேட்க நன்றாக இருக்கும். ஆனால் நடைமுறையில் சட்டென்று எடுப்பது நடக்கும், அனுப்புவது நடக்காது. யாருக்கும் அந்தப் பேச்சைத் தொடங்க மனம் வராது. எட்டு மாதம் இழுக்கும். அதற்குள் அவர் எழுதிய கோடு, வாடிக்கையாளர்கள் பயன்படுத்தும் மென்பொருளான உங்கள் புரொடக்‌ஷனில் இருக்கும், பக்கத்து நாற்காலிக்காரர் அவர் வேலையையும் சேர்த்துச் செய்து சலித்திருப்பார். இன்னொரு பக்கம், இருந்த வேலையை விட்டுவிட்டு உங்களை நம்பி வந்தவர் அவர்.

அதனால் அந்த இருவரைப் பற்றி. முதலில், அவர்களைத் தவறாக எடுத்தீர்களா, சரியாக எடுத்துவிட்டுத் தவறாக விட்டுவிட்டீர்களா என்று பாருங்கள். சேர்ந்த முதல் வாரத்தில் சிறியதாக ஒரு மாற்றமாவது புரொடக்‌ஷனுக்குப் போனதா? சந்தேகம் கேட்க ஒருவர் பெயர் சொல்லி ஒதுக்கப்பட்டிருந்தாரா? முதல் மாதத்தில் என்ன எதிர்பார்க்கிறோம் என்று எழுத்தில் கொடுத்தீர்களா? சீனியர்கள் எல்லோரும் நேர்காணல் அறையில் இருந்த மூன்று மாதத்தில் இவர்கள் சேர்ந்திருக்கிறார்கள். பதில் ‘இல்லை’யாக இருந்தால் எனக்கு ஆச்சரியம் இருக்காது.

இருவரோடும் தனித்தனியே உட்காருங்கள். எது ஓடவில்லை என்பதை உதாரணத்தோடு, சுற்றிவளைக்காமல் சொல்லுங்கள். அவர்கள் பக்கத்தைக் கேளுங்கள். அடுத்த ஆறு வாரத்துக்கு, அளவு தெரிந்த இரண்டு மூன்று வேலைகளை எழுதிக் கொடுத்து, ஒரு சீனியரை அவர்களுக்கென்று ஒதுக்குங்கள். அந்த சீனியரை இந்த ஆறு வாரமும் நேர்காணலிலிருந்து விடுவித்துவிடுங்கள். வாரம் ஒரு முறை நீங்களே பாருங்கள். ஒருவர் தேறிவிட்டால், உங்கள் 54 மணி நேரம் வீண்போகவில்லை. தேறாதவரிடம் ஆறாவது வாரமே சொல்லிவிடுங்கள், அடுத்த வேலை தேட நியாயமான அவகாசமும் கொடுங்கள். பிறகு அவருடைய பழைய நேர்காணல் குறிப்புகளை எடுத்து, நேர்காணல் எடுத்த எல்லோரும் சேர்ந்து படியுங்கள். பலகையில் அல்காரிதம் அழகாக எழுதினார் என்று அதில் இருக்கும். கோடு படிக்கச் சொன்னதாக ஒரு வரியாவது இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள்.